ஆஃப் என்று காட்டிய கைப்பிடி

அக்டோபர் 15, செவ்வாய்

கைப்பிடி 'ஆஃப்' என்று காட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே மின்சாரம் எப்படி இருந்தது? இருபத்து நான்கு வருடமாக மின் பொறியாளராக வேலை பார்க்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை.

நேற்று பிற்பகல் மூன்று இருபதுக்கு எங்கள் நூற்பாலையின் எலக்ட்ரீசியன் கிட்டுசாமி நான்காம் எண் பேனலைத் திறந்து உள்ளே கை விட்டார். பொறி வெடித்து வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். பஞ்சு ஓடும் கூடத்துக்கு ஈரக்காற்று அனுப்புகிற பெரிய விசிறிக்கான பேனல் அது. விசிறி தானாக நின்றுபோனது. ஏன் என்று பார்க்கப் போனார். கதவின் கைப்பிடி 'ஆஃப்'-இல் இருந்தது என்கிறார். நானும் போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

குழப்பம் தீர எழுதிப் பார்க்கிறேன். பேனல் என்பது ஆள் உயர இரும்புப் பெட்டி. சுவிட்சு உள்ளே, பின்சுவரில். அதைச் சுழற்றும் கைப்பிடி வெளியே, கதவில். இரண்டையும் ஒரு எஃகுத் தண்டு இணைக்கிறது. ஆட்கள் அதை ஷாஃப்ட் என்பார்கள். கைப்பிடி 'ஆன்'-இல் இருக்கும்வரை கதவு திறக்காது. 'ஆஃப்' செய்தால்தான் திறக்கும். இதுதான் இன்டர்லாக். கதவு திறந்தது என்றால் சுவிட்சுக்குக் கீழே எந்த இணைப்பிலும் மின்சாரம் இருக்கக் கூடாது. இருந்தது.

ஜி.எம். சௌந்தரராஜன் அறைக்குக் கூப்பிட்டார். "திலகவதி, நீங்களே விசாரிச்சு ரிப்போர்ட் குடுத்துடுங்க. இருபத்திரண்டாம் தேதிக்குள்ள. டெஸ்டர் வெச்சுப் பாத்தானான்னு கேளுங்க. பாத்திருக்க மாட்டான்."

பேனல்களைச் சனிக்கிழமை காலைதான் ஆயுத பூஜை முடிந்து மறுபடி ஓட்டினார்கள். அப்போது நான் ஆலையில் இல்லை. பத்து மணிக்கு மேல்தான் போனேன். அன்று காலை ஆலையிலிருந்து எனக்கு அழைப்பு எதுவும் வந்ததாக நினைவில்லை. யாரும் இதைக் கேட்கவில்லை. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

புதுக் கண்ணாடி சரியில்லை. படிக்கட்டு ஒரு அங்குலம் மேலே இருப்பதுபோல் தெரிகிறது. ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றார் கடைக்காரர்.

அக்டோபர் 16, புதன்

வேலை முடிந்து உடுமலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிட்டுசாமிக்கு நாற்பத்தொரு வயது. பத்து வருடமாக எனக்குக் கீழே வேலை பார்க்கிறார். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். மனைவி ருக்குமணி ரசம் சாதத்தை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். பாருங்க, எம் பொழப்ப. கொழந்தை மாதிரி ஆக்கிப்போட்டா."

"பத்தொம்பது வருசம் ஆக்கிப் போட்டாச்சு. ஊட்டறது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. அதையும் நேத்திருந்து பண்றனுங்க" என்றார் ருக்குமணி. ஸ்பூனை அவர் வாய்க்குள் சற்று வேகமாகவே வைத்தார்.

டெஸ்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க." ஒளிக்கவில்லை. "விசிறி நின்னுபோச்சு. கைப்பிடி ஆஃப்ல இருக்குது. செரி, ஆரோ ஆஃப் பண்ணிட்டு என்னக் கூப்புட்டிருக்காங்கன்னு நெனச்சனுங்க. கதவும் சொன்ன பேச்சு கேட்டுத் தொறந்துச்சு. தொறக்காம மக்கர் பண்ணியிருந்தா நானு உசாராயிருப்பனுங்க."

கதவு சொன்ன பேச்சைக் கேட்டது. அந்த வாக்கியத்தை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவர் நம்பியது எதை? கதவையா, என்னையா? அந்தக் கதவு சரியாக இருக்கிறது என்று மாதாமாதம் கையெழுத்துப் போடுவது நான்தான்.

நாளை தண்ணீர் வரும் நாள். தொட்டி கழுவ வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

எங்கள் ஆலையில் ஆயுத பூஜைக்கு எல்லாப் பேனல் கதவுகளையும் விரியத் திறந்துவைப்பார்கள். உள்ளே துடைத்து, சுவிட்சு ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். ஷாஃப்ட் நீட்டிக்கொண்டிருந்தால் துடைக்கிறவன் முகத்தில் குத்தும். அதனால் பதினான்கு ஷாஃப்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்பானர், கட்டிங் பிளேயர், திருப்புளியோடு சாமி படத்துக்கு முன்னால் ஒரே தாம்பாளத்தில் அடுக்குவார்கள். அதுவும் ஆயுதம்தானே. ஃபோர்மேன் ஆறுக்குட்டிதான் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பார். நான் அந்தப் பக்கம் போவதில்லை. சாம்பிராணி எனக்கு ஆகாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அந்தக் கும்பலில் கை கூப்பி நிற்க எனக்கு வராது. பொரி கடலைப் பொட்டலம் மட்டும் என் மேசைக்கு வந்துவிடும்.

இன்று மெயினை நிறுத்தி நான்காம் எண்ணைத் திறந்தேன். ஷாஃப்ட் இருந்தது. ஆனால் குட்டை. கதவைச் சாத்தினால் கைப்பிடியை எட்ட விரல் அகலம் மிச்சம். கைப்பிடி காற்றில் சும்மா சுற்றியது. உள்ளே சுவிட்சு ஆன், வெளியே கைப்பிடி ஆஃப்.

நான்காம் பெட்டி மட்டும் மற்றவற்றைவிட ஆழம். அதற்கு நீள ஷாஃப்ட். தாம்பாளத்தில் கலந்துபோயிருக்கிறது. அப்படியானால் நீளமானது எங்கே? வேறு பெட்டியில் மாட்டினால் கதவே சாத்தாது, உடனே தெரிந்துவிடும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் எண்ணில் இருந்தது. நுனி பளபளவென்று, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடு அறுத்த கோடுகளோடு. பெட்டியின் தரையில் இரும்புத் தூள்.

யாரோ அறுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றித் தீர்த்தேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 19, சனி

மறுபடி ஆஸ்பத்திரி. ருக்குமணி மருந்து வாங்கப் போயிருந்தார். நேராகக் கேட்டேன்.

"ஒன்பதாம் நம்பர் ஷாஃப்ட அறுத்தது யார்?"

கிட்டுசாமி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நாந்தானுங்க."

"ஏன்?"

"கதவு சாத்தலீங்க. எட்டே முக்காலு ஆயிருச்சு. ஒம்பதுக்கு ராகு காலம் புடிக்குது, அதுக்குள்ள எல்லா மிசினும் ஓடணும்னு ஜி.எம். தேங்காயக் கையில வெச்சுட்டு நிக்கறாரு. 'என்னடா, இன்னும் என்னடா'ங்கறாரு. ஷாஃப்டு பூசுன எண்ணெயில வழுக்கிட்டு வெளிய தள்ளுதுன்னு நெனச்சு ஒரு இஞ்சு அறுத்துப்போட்டனுங்க. அது நாலாம் நெம்பருதுன்னு சத்தியமாத் தெரியாதுங்க."

"அப்போ நாலாம் நம்பரை ஆன் பண்ணினது யாரு?"

"தெரியலீங்க. நானு ஒம்பதுல குனிஞ்சிட்டிருந்தேன். அந்தப் பக்கம் ஆறுக்குட்டியண்ணன் நின்னாருங்க."

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "இத எழுதுவீங்களா மேடம்? எழுதுனா, இன்டர்லாக்குல கை வெச்சான்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க. இந்தக் கைய வெச்சுட்டு எவன் வேலைக்கு எடுப்பான்?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

வீட்டுக்கு வந்து போனில் இடம் குறைவாக இருப்பதைக் கவனித்தேன். வேண்டாதவற்றை நீக்கினேன். பழைய அழைப்புப் பட்டியலையும் துடைத்துவிடலாமா என்று ஒரு முறை யோசித்தேன். அதனால் மிச்சமாகும் இடம் ஒன்றுமில்லை. எனக்கே தெரியும். துடைக்கவில்லை. திறந்தும் பார்க்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் ஆறுக்குட்டி வந்தார். முதல் தடவையாக என் வீட்டுக்கு. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது அவருக்கு. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வரச் சொன்னதற்கு, "இருக்கட்டுங் மேடம், செருப்பெல்லாம் சேறு" என்றார். செருப்பில் சேறு இல்லை.

"கிட்டான் மேல எழுதறீங்களாமா? மில்லுல பேசிக்கறாங்க."

"யார் மேலயும் இன்னும் எழுதல. நாலாம் நம்பரை நீங்கதான் ஆன் பண்ணினீங்களா?"

"ஆமாங்க." அவருக்கு அது ஒளிக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. "கதவச் சாத்திக் கைப்பிடியத் திருப்புனேன். விசிறி ஓடலீங்க. தொறந்து உள்ளுக்குள்ளயே ஷாஃப்டப் பிளேயர்ல புடிச்சுத் திருப்புனேன், ஓடுச்சு. கதவச் சாத்திட்டேன். கைப்பிடி புடிக்கல, அது பாட்டுக்கு ஆஃப்ல நிக்குது. அதைத்தானுங்க உங்ககிட்டச் சொன்னேன்."

"என்கிட்டயா?"

"ஏனுங்க, போன் போட்டனில்லீங்க? 'கைப்பிடி புடிக்கல மேடம், உள்ளயே போட்டு உட்டிருக்கேன், நிறுத்திப் பாக்கட்டுமா'ன்னு கேட்டேன். 'ஓடுதில்ல? ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்'னீங்க. செரி, மேடமே சொல்லிப்போட்டாங்கன்னு உட்டேன்."

என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் அவசரமாக, "நானு ஆர்கிட்டயும் சொல்லலீங்க. சொல்லவும் மாட்டேன்" என்றார். வண்டியை உதைத்தார். முதல் உதையில் கிளம்பவில்லை. நாங்கள் இருவரும் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அது என் வாக்கியம்தான். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்பது நான் சொல்கிற முறை. ஆனால் சொன்ன நினைவு வரவில்லை. ஒருவர் சொல்லக் கேட்ட பிறகு வருவதுபோல் இருக்கிறது. அது நினைவா, கேட்டதால் உண்டாக்கிக்கொண்டதா என்று பிரிக்க முடியவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

போனைத் திறந்து பார்த்தேன். 12ஆம் தேதி, 8.52, ஆறுக்குட்டி, முப்பத்தெட்டு வினாடி.

அன்றைய நாட்குறிப்பையும் புரட்டினேன். 'விடுமுறை. மாவு அரைத்தேன். போன் வந்த நேரத்தில் வழிந்து மேடையெல்லாம் மாவு. பத்து மணிக்கு ஆலை. கையெழுத்து. கண்ணாடிக் கடை.' இவ்வளவுதான். யாருடைய போன் என்று எழுதவில்லை. கிரைண்டர் சத்தத்தில் அவர் சொன்னது காதில் விழவில்லை என்று இப்போது எழுதலாமா என்று யோசித்தேன். விழுந்தது.

'கையெழுத்து' என்று எழுதியிருக்கிறேனே, அந்தத் தாளை அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தேன். மறுதொடக்கச் சோதனைத் தாள். பதினான்கு பேனல், 'கதவு இன்டர்லாக்' என்ற கட்டத்தில் பதினான்கு டிக். எல்லாம் ஒரே சாய்வு. பேனாவை எடுக்காமல் மேலிருந்து கீழே வந்ததுபோல். நான்காவதும் மற்றவற்றைப் போலவே இருக்கிறது. ஒரு கதவைத் திறந்து மூடிவிட்டுப் போடுகிற டிக் இப்படி இருக்காது. மற்ற மாதங்களின் தாள்களை எடுக்கவில்லை. எடுக்காததற்கு வேலை இருந்தது என்பது காரணம் அல்ல.

மாலையில் ஜி.எம். கூப்பிட்டார். ஒரு தாளைத் தள்ளினார். தட்டச்சு செய்த ஒரே வாக்கியம்: பாதுகாப்பு இன்டர்லாக்கில் தன்னிச்சையாகக் கை வைத்ததாலும் சோதிக்காமல் தொட்டதாலும் விபத்துக்கு எலக்ட்ரீசியனே பொறுப்பு.

"இத உங்க ரிப்போர்ட்ல கடைசி வரியா வெச்சுக்கங்க. அவன வேலைய விட்டு எடுத்துடலாம், ஃபைல் முடிஞ்சிடும்."

"இன்டர்லாக்கில் கை வைத்தார் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"யாராச்சும் வெச்சிருக்கணும் இல்லையா? நீங்களும் நானுமா வெச்சோம்?"

தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் குத்துமதிப்பாகச் சொன்னது. பாதி சரி. அதுதான் என்னைக் குழப்புகிறது. அறுத்தவர் கிட்டுசாமி. சோதிக்காமல் தொட்டவரும் அவர். பிளேயரால் போட்டது ஆறுக்குட்டி. ஒன்பதுக்குள் ஓட்டு என்று விரட்டியவர் ஜி.எம். இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு ஆளிடம் மட்டும் 'நிறுத்திப் பாக்கட்டுமா' என்று கேட்கப்பட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

அறிக்கை எழுதினேன். இல்லை, மூன்று அறிக்கை எழுதினேன்.

ஒன்றில் எல்லாம் இருந்தது: தாம்பாளம், கலந்த ஷாஃப்ட், ஆக்ஸா, பிளேயர், போன், டிக். படித்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் ஜி.எம். அதில் ஆக்ஸாவை மட்டும் எடுத்துக்கொள்வார். இரண்டாவதில் ஆக்ஸா இல்லை. அது பொய்யான அறிக்கை. மூன்றாவதில் போன் இல்லை. அதுவும் பொய். அதை எழுத ஐந்து நிமிடம்தான் ஆனது. அதைக் கிழித்துவிட்டேன். எழுத முடிந்தது என்பதற்கு இந்தக் குறிப்பு மட்டும் இருக்கட்டும்.

ஜி.எம்.மிடம் இன்று எதையும் கொடுக்கவில்லை. நாளை காலை பதினொன்றுக்கு விசாரணை வைத்திருக்கிறார், அங்கேயே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கிட்டுசாமியை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.

சிலிண்டர் பதிவு செய்தேன். மொட்டைமாடித் துணியை எடுத்து மடித்தேன். இரண்டு அறிக்கையையும் பையில் வைத்திருக்கிறேன். எதை வெளியே எடுப்பேன் என்று இப்போது எழுதினால் நாளை அது பொய்யாகிவிடக்கூடும். அதனால் எழுதவில்லை.

அக்டோபர் 23, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜி.எம். அறையில் ஐந்து பேர்: அவர், பர்சனல் ஆபீசர், ஆறுக்குட்டி, கிட்டுசாமி, நான். ருக்குமணி வராந்தா பெஞ்சில். மில்லில் பேசிக்கொண்டது ஜி.எம். காதுக்கும் போயிருக்க வேண்டும். என்னைக் கேட்கும் முன்பே அவர் ஆறுக்குட்டியைக் கேட்டார்: "நாலாம் நம்பர் கைப்பிடி பிடிக்கலன்னு யாருக்காவது சொன்னீங்களா?"

ஆறுக்குட்டி மேசை விளிம்பைப் பார்த்தபடி, "ஞாபகமில்லீங்க" என்றார்.

நான் எதையும் யோசிக்கவில்லை. துணிச்சல் என்று யாராவது நினைத்தால் தவறு. "எனக்குச் சொன்னார்" என்றேன். "எட்டு ஐம்பத்திரண்டுக்கு. நிறுத்திப் பாக்கட்டுமா என்று கேட்டார். ஓடட்டும் என்றேன். பத்து மணிக்கு வந்து, கதவுகளைத் திறக்காமலே பதினான்குக்கும் டிக் போட்டேன்." பையிலிருந்து ஆக்ஸா இல்லாத அறிக்கையை எடுத்து வைத்தேன். ஆக, தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

ஜி.எம். அதைப் படித்து முடிப்பதற்குள் கிட்டுசாமி பேசினார்.

"ஒம்பதாம் நெம்பரு ஷாஃப்ட அறுத்தது நாந்தானுங்க. மேடம் அத எழுதலைன்னா, அவங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தமில்லீங்க. எனக்காக உட்டுப்போட்டாங்க. எனக்கு அது வேண்டாங்க. எதுக்கு அறுத்தேன்னும் எழுதிக்கங்க. ஒம்பது மணிக்குள்ள ஓட்டுன்னு நீங்க தேங்காயோட நின்னதயும் எழுதிக்கங்க."

பர்சனல் ஆபீசர் பேனாவை மூடினார். பிறகு ஜி.எம்.மைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார். கால் மணி நேரம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருவர் தலையும் ஆடுவது தெரிந்தது. உள்ளே நாங்கள் மூவர். ஆறுக்குட்டி மெதுவாக, "ஏன் மேடம், நாந்தான் சொல்ல மாட்டேன்னனில்லீங்க" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அவரை நான் பொய்யர் ஆக்கிவிட்டேன்.

திரும்பி வந்து முடிவைச் சொன்னார்கள். யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. கிட்டுசாமியை எடுத்தால் என்னையும் எடுக்க வேண்டும். என்னை எடுத்தால் தேங்காயும் ஃபைலில் ஏறும். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை, நான் அப்படிப் புரிந்துகொண்டேன். மூவருக்கும் ஒரே எச்சரிக்கைக் கடிதம், பெயர் மட்டும் வேறு. சோதனைத் தாளில் இனி நான் கையெழுத்திட வேண்டாம். வெளியிலிருந்து ஒருவர் வருவார். கிட்டுசாமி கை ஆறியதும் வேலைக்கு வரலாம்.

கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். வராந்தாவில் ருக்குமணியின் பக்கத்தில் உட்கார்ந்து, கிட்டுசாமி இடது கையில் பேனாவைப் பிடித்தார். நான் எதிரே நின்றேன்.

"ஓடட்டும்னு சொன்னத ஆசுபத்திரிக்கு வந்தன்னைக்கே ஏனுங்க சொல்லல?"

"அப்போ ஞாபகம் இல்ல."

"ரெண்டு தடவ வந்தீங்க."

"ஆமா."

"எங்கிட்ட ஆக்ஸாவக் கேட்டீங்க."

ருக்குமணி என்னை உட்காரச் சொல்லவில்லை. கிட்டுசாமி தாளைத் தொடையில் வைத்து எழுதத் தொடங்கினார். அது நழுவிக்கொண்டே இருந்தது. நான் குனிந்து ஒரு முனையைப் பிடித்தேன்.

"வேண்டாங்க" என்றார். "உடுங்க."

விட்டேன். தாள் நகர்ந்தது. கையெழுத்து கோணலாக, கோட்டைத் தாண்டி விழுந்தது. பர்சனல் ஆபீசர் அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டார்.